பெட்ஃபோர்ட் லாரியின் ஏழாம் அறை

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. ஆனால் ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கதை கட்டுகிற ஆள் இல்லை. ஒரு போல்ட்டை மூன்று தடவை அளந்து பார்க்காமல் அதன் பெயரைக்கூட வாயால் சொல்ல மாட்டேன். இதில் வருகிற நேரங்கள் எல்லாம் என் போனில் பார்த்தவை, சில அதில் எடுத்த படங்களிலேயே பதிந்தவை. நடந்தது இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில், நவம்பர் மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில். நடுராத்திரிகூட இல்லை. பிற்பகல் மூன்றரைக்கும் நாலேகாலுக்கும் நடுவில்.

என் பெயர் க்ளிஃப் பார்ட்ரம். முப்பத்தொரு வருஷம் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தேன். பழைய பிரிட்டிஷ் ராணுவ வண்டிகளில் ஒட்டிக்கொண்டிருக்கும் சில்லறைச் சாமான்களை அடையாளம் சொல்வதுதான் என் பொழுதுபோக்கு. என் மனைவி நெஸ்டா அதைப் பைத்தியம் என்பாள். விளக்கின் முகமூடி, துப்பாக்கியைக் கவ்வும் கொக்கி, தண்ணீர் டின் உட்காரும் சட்டம்... யாராவது படம் அனுப்பி இது என்ன என்று கேட்பார்கள், நான் சொல்வேன். 1944ஆம் வருஷத்து வண்டியில் 1952ஆம் வருஷத்து விளக்கை மாட்டிக்கொண்டு கண்காட்சியில் வந்து நிற்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். முகத்துக்கு நேரே சொல்லியும் விடுவேன். அதனால் எனக்கு நண்பர்கள் குறைவு.

இருந்த சிலரில் ஒருவன் நெவில் ஸ்னீத். 1943இல் செய்த முக்கால் டன் பெட்ஃபோர்ட் லாரி ஒன்றைப் பதினோரு வருஷமாகச் சீர் செய்துகொண்டிருந்தான். ஒரு விவசாயி கோழித் தீவனம் ஏற்றி ஓட்டி, கடைசியில் முள்செடிக்குள் தள்ளிவிட்ட வண்டி அது. செப்டம்பரில் நெவில் இறந்து போனான். லாரி நின்ற கொட்டகையை வெள்ளிக்கிழமைக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார் நிலத்துக்காரர். லாரியைக் கேட்டு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் உதிரிபாக வியாபாரி. எஞ்சினை ஒருவருக்கு, கதவை ஒருவருக்கு என்று அறுத்துக் கொடுத்துவிடுவார். இன்னொன்று ஒரு சின்ன மியூசியம். அவர்களிடம் ஏற்கெனவே இரண்டு பெட்ஃபோர்ட் இருந்தன. மூன்றாவதுக்கு இடம் வேண்டுமென்றால் அது போரில் என்ன வேலை செய்தது என்று தெரிய வேண்டும், சான்றும் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

நெவிலின் மனைவி ஆவ்ரில் எனக்குப் போன் செய்தார். எழுபத்து நாலு வயது. அழுகிற ரகம் இல்லை.

"அவரு பதினோரு வருஷம் ஒவ்வொரு ஆணியா பூட்டின வண்டி, க்ளிஃப். அதைத் துண்டு போட்டு எடுத்துட்டுப் போறதப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல. அது என்ன வண்டின்னு மட்டும் கண்டுபிடிச்சுக் குடு."

இதில் எனக்கு ஒரு உறுத்தலும் இருந்தது. அந்த லாரியின் பின்கட்டில், இடது பக்கம், பிளைவுட்டில் செய்த ஒரு தட்டு இருந்தது. சின்னச் சின்ன அறைகள், மொத்தம் இருபது. தபால் பிரிக்கிற இடத்தில் இருக்குமே, அந்த மாதிரி. தொழிற்சாலையில் பொருத்தியது இல்லை, படைக்காரர்களே அடித்துக்கொண்டது. ஆறு வருஷத்துக்கு முன்னால் நெவில் அதன் படத்தை அனுப்பியபோது, செய்திக் காகிதங்கள் வைக்கும் தட்டு, வயர்லெஸ் வண்டி என்று யோசிக்காமல் சொல்லியிருந்தேன். நெவில் அதை நம்பினான். இப்போது மியூசியத்தைச் சேர்ந்த பிலிப்பா என்ற பெண் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். வயர்லெஸ் வண்டி என்றால் ஏரியல் கம்பி வைத்த ஓட்டை எங்கே? எனக்கு முகம் செத்துப்போனது. அந்த லாரியில் அப்படி ஓட்டையே கிடையாது.

செவ்வாய்க்கிழமை மூன்று பத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். ஆவ்ரில் தேநீரும் உலர்பழம் போட்ட பிளம் ரொட்டியும் கொடுத்தார். நெவில் போன பிறகு அவர் கொட்டகைக்குள் காலே வைக்கவில்லையாம். சாவியைக் கொடுத்துவிட்டு, சமையலறை ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டார். எங்கள் ஊர்ப் பக்கம் நவம்பரில் நாலு மணிக்கெல்லாம் வெளிச்சம் போய்விடும். கொட்டகையில் மின்சாரத்தை ஏற்கெனவே துண்டித்திருந்தார்கள். போனின் விளக்குதான் துணை.

3.26. முதல் படம். இருபது அறைகளும் காலி. இந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

டிப்போவில் பழகிய பழக்கம், வண்டியில் கை வைக்கும் முன் கடிகாரத்தையும் மோதிரத்தையும் கழற்றிவிடுவேன். மோதிரம் பேட்டரிக் கம்பியில் பட்டு விரல் போனவனை நான் பார்த்திருக்கிறேன். இரண்டையும் ஒரு தகர டப்பாவில் போட்டு முன்சக்கரத்தின் மட்கார்டு மேல் வைத்தேன். பிறகு பின்பலகையை இறக்கி மேலே ஏறினேன்.

தட்டைக் கிட்டத்தில் பார்த்ததும் என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது. படத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னவன் நான்தானே. ஒவ்வொரு அறையின் வாசலிலும் இரண்டு அங்குல உயரத்துக்குத் தடுப்பு. காகிதத்துக்கு எதற்கு அவ்வளவு தடுப்பு? அடியில் சாம்பல் நிறக் கம்பளித் துண்டு ஒட்டியிருந்தது. உள்ளே வைப்பது குலுங்கிச் சத்தம் போடக்கூடாது என்பதற்காக. காகிதம் எங்கே சத்தம் போடும்? ஒவ்வொரு அறைக்கும் மேலே ஒரு பித்தளைச் சட்டம், அதில் எண். பெயர் எதுவும் இல்லை. எண் மட்டும்.

என்னிடம் ஒரு கோமாளித்தனமான வழக்கம் உண்டு. பிடிபடாத சாமான் மேல் உள்ளங்கையை வைத்து, அதனிடமே கேட்பேன். நெவில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். பதில் வந்தால் எனக்கும் சொல்லு என்பான். அன்றைக்கும் கையை வைத்தேன். கம்பளி ஈரமாக இருந்தது.

"உனக்குள்ள என்னத்தடா வச்சாங்க?" என்று வாய்விட்டுக் கேட்டேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். "காட்டேன், பாப்போம்" என்றும் சொன்னேன்.

3.34. பெயிண்ட் சுரண்டலாம் என்று பேனாக்கத்தியைத் தேடினேன். பலகைமேல், என் முழங்காலுக்குப் பக்கத்தில்தான் வைத்திருந்தேன். கைப்பிடி உடைந்த பழைய கத்தி. காணவில்லை. உருண்டு கீழே விழுந்திருக்கும் என்று விட்டுவிட்டேன்.

3.41. ஒரு வாடை வந்தது. ஆஸ்பத்திரிகளில் தரை கழுவுவார்களே, அந்த மருந்து வாடை. அதோடு ஈரக் கம்பளி. அதற்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. அதை எழுத எனக்கு மனம் இல்லை.

கீழே இறங்கி, பின்பலகையைத் தூக்கி, இரண்டு பக்கமும் முளையைச் சொருகிச் சங்கிலியை மாட்டினேன். வெளிப்பக்கம் படையின் பழைய எண் ஏதாவது தெரிகிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. ஒன்றும் தெரியவில்லை. 3.47க்குப் படம் எடுத்தேன். படத்தில் பலகை மூடியிருக்கிறது. முளைகள் சொருகியிருக்கின்றன.

முன்பக்கம் போய் எஞ்சினில் பொறித்த எண்ணைப் பார்த்துவிட்டு இரண்டு நிமிஷத்தில் திரும்பினேன்.

பலகை திறந்து தொங்கிக்கொண்டிருந்தது.

அந்தச் சங்கிலியின் சத்தம் சமையலறை வரைக்கும் கேட்கும். எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. நான்தான் சரியாக மாட்டவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முப்பத்தொரு வருஷம் மெக்கானிக். முளை சொருகத் தெரியாதவன்.

உண்மையைச் சொல்கிறேன், அப்போதே கிளம்பியிருக்க வேண்டும். ஆனால் வெள்ளிக்கிழமை கண்ணில் நின்றது. ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிற ஆவ்ரிலும் கண்ணுக்குள் வந்தார். ஆறு வருஷத்துக்கு முன்னால் வாய்க்கு வந்ததைச் சொன்னவன் நான். அடியில் போய் ஸ்பிரிங்கைப் பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். எவ்வளவு பாரம் ஏற்றினார்கள் என்பதை ஸ்பிரிங் சொல்லிவிடும்.

3.52. மூக்குக்கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, மல்லாக்கப் படுத்து, லாரிக்கு அடியில் நுழைந்தேன்.

பின் ஆக்சிலின் நடுவில் இருக்கும் உருண்டையில் வெள்ளை பெயிண்ட். அதற்கு மேல் ஒரு சின்ன விளக்கின் கூடு. போர்க்காலத்தில் ராத்திரி முன்விளக்குப் போடாமல் வரிசையாகப் போவார்கள். முன்னால் போகும் வண்டியின் இந்த வெள்ளை வட்டத்தைப் பார்த்துத்தான் பின்னால் வருகிறவன் ஓட்டுவான். அது இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது. ஸ்பிரிங்கை எண்ணினேன். வழக்கமாக இருப்பதைவிட இரண்டு பட்டை அதிகம். ஆக, நல்ல கனம் ஏற்றியிருக்கிறார்கள். அதையும் படம் எடுத்தேன். 3.56.

அப்போது மேலே காலடிச் சத்தம் கேட்டது.

கிரக்... கிரக்...

அடியில் ஆணி அடித்த பூட்ஸ். பலகைமேல் நடந்தால் அப்படித்தான் கேட்கும். இரண்டு பேர். ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால். சின்னச் சின்ன அடியாக வைத்தார்கள். எதையோ தூக்கிக்கொண்டு நடக்கிற நடை.

தொம்.

லாரி இறங்கியது. ஸ்பிரிங் பட்டைகள் ஒன்றோடு ஒன்று உரசி முனகின. என் மார்புக்கு மேலே இருந்த இரும்புச் சட்டம் இரண்டு விரற்கடை கீழே வந்தது.

வந்தது அங்கேயே நின்றது.

"ஆவ்ரில்?" என்று கூப்பிட்டேன்.

பூட்ஸ் வெளியே போனது. திரும்பி வந்தது.

தொம்.

இன்னும் இரண்டு விரற்கடை.

தலையைத் திருப்பி லாரியின் பின்பக்கம் பார்த்தேன். கொட்டகையின் மண்தரை தெரிந்தது. மேலே ஏறுகிறவர்கள் அங்கே நின்றுதான் ஏற வேண்டும்.

அங்கே கால்கள் எதுவும் இல்லை.

தொம்.

மூன்று.

சட்டம் என் கோட்டுப் பித்தானைத் தொட்டது. மூச்சை உள்ளே இழுத்தால் இரும்பு மார்பில் இடித்தது. இழுக்காமல் கிடந்தேன்.

தொம்.

நான்கு.

பிறகு அமைதி.

பிறகு ஒரே ஒரு ஆளின் காலடி. நிதானமாக வந்தது. முன்பக்கம். இடது பக்கம். தட்டு இருக்கும் இடத்துக்கு நேர் கீழேதான் என் தலை இருந்தது.

டிக்.

அறை வாசலின் தடுப்பு மரத்தில் உலோகம் இடிக்கும் சத்தம்.

டிக்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். என் முகத்தில் ஏதோ லேசாகப் பட்டது. சிலந்தி வலை என்று நினைத்தேன்.

டிக்.

இடுப்புக்கு அடியில் என்னவோ நகர்ந்தது. நான் மல்லாக்கப் படுத்திருந்தேன். என் முழுக் கனமும் அதன்மேல்.

டிக்.

டிக்.

அப்புறம் ஒரு கீச்சு. விட்டு விட்டு. பென்சிலால் மரத்தில் எழுதினால் அப்படிக் கேட்கும்.

எழுதியது. நின்றது. எழுதியது.

நின்றது...

4.09. லாரி ஒரே மூச்சில் மேலே எழும்பியது. இரும்பு என்னை விட்டு விலகியது. போனைப் பிடித்திருந்த கை மரத்துப்போயிருந்தது. எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது. முழங்கை இரண்டும் சிராய்த்து ரத்தம்.

பின்பலகை மூடியிருந்தது. முளைகள் சொருகியிருந்தன.

ஓடியிருக்க வேண்டும். எனக்குத் தெரியும். ஆனால் என் புத்தி அப்படி. ஒரு சாமானைப் பார்க்காமல் போக எனக்கு வராது. சக்கரத்தில் கால் வைத்து ஏறி எட்டிப் பார்த்தேன்.

எல்லாம் கலங்கலாகத் தெரிந்தது.

மூக்கைத் தொட்டேன்.

கண்ணாடி இல்லை.

போன் வெளிச்சத்தைத் தட்டின்மேல் அடித்தேன். ஏழு என்று போட்ட அறையில் எதுவோ மின்னியது. முகத்தை அருகில் கொண்டுபோனேன்.

என் கண்ணாடி. கம்பிகள் இரண்டும் அழகாக மடித்திருந்தன. வலது கம்பியில் நான் சுற்றிய கறுப்பு நூல்.

அதன் பக்கத்தில் என் கடிகாரம். ஓடிக்கொண்டிருந்தது.

என் மோதிரம்.

கைப்பிடி உடைந்த என் கத்தி.

ஒரு புகைப்படம், கவிழ்த்து வைத்திருந்தது. திருப்பினேன். நெஸ்டா ஒரு வெள்ளாட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அவளுடைய ஊர்ச் சந்தையில் 1989இல் நான் எடுத்தது. என் பர்ஸுக்குள்தான் எப்போதும் இருக்கும்.

பின்பாக்கெட்டைத் தடவினேன். பர்ஸ் அங்கேயே இருந்தது. பாக்கெட்டின் பித்தானும் போட்டபடி இருந்தது.

4.13. படம் எடுத்தேன். பாதி கலங்கல்தான். ஆனாலும் ஐந்து பொருள்களையும் எண்ணலாம்.

அவற்றை வாரி எடுத்துக்கொண்டு ஓடினேன். அறுபத்து இரண்டு வயதில் அப்படி ஓடியது அன்றைக்குத்தான். கொட்டகையைப் பூட்டவும் இல்லை.

சமையலறையில் ஆவ்ரில் என் முழங்கையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். தேநீரில் இரண்டு கரண்டி சர்க்கரை கூடுதலாகப் போட்டார். குடித்து முடித்தேன். கண்டுபிடித்துவிட்டேன் என்றேன். அது செய்தித் தட்டு இல்லை, அன்றைக்கு நான் சொன்னது தப்பு. போர்க்களத்தில் செத்தவர்களை எடுத்துப் புதைக்கிற படைப்பிரிவின் லாரி இது. உடலைப் புதைக்கும் முன் அவன் பையில், கையில், முகத்தில் இருப்பதை எடுத்து ஒரு எண் போட்டு வைப்பார்கள். பிற்பாடு வீட்டுக்கு அனுப்ப. அதற்கான தட்டு இது. கம்பளி எதற்கென்றால், வழியில் கடிகாரக் கண்ணாடி உடையாமல் இருக்க.

எப்படித் தெரிந்தது என்று நான் சொல்லவில்லை. ஆவ்ரில் என் காலிக் கோப்பையை எடுத்து வைத்தார்.

"ஆஸ்பத்திரியிலயும் அப்படித்தான் குடுத்தாங்க" என்றார். "ஒரு பையில போட்டு, பட்டியல் எழுதி, என்கிட்ட கையெழுத்து வாங்கிக்கிட்டு. அவரோட பல் செட்டுகூட அதுல இருந்துச்சு."

எனக்கு அழுகை வந்தது. பயமா, துக்கமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அன்று ராத்திரியே பிலிப்பாவுக்கு எழுதினேன். தடுப்பு, கம்பளி, எண், கூடுதல் ஸ்பிரிங் பட்டை எல்லாவற்றையும் சொன்னேன். காலையில் பதில் வந்தது. அவளுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. ஆனால் இது என் கருத்துதானே தவிரச் சான்று இல்லை என்று எழுதியிருந்தாள். வியாழக்கிழமை தானே வந்து தட்டின் பெயிண்டைக் கரைத்துப் பார்ப்பதாகவும், அடியில் ஒரு எழுத்தாவது கிடைத்தால் வண்டியை எடுத்துக்கொள்வதாகவும் சொன்னாள். கிடைக்காவிட்டால் வெள்ளிக்கிழமை வியாபாரி வந்துவிடுவார்.

வியாழக்கிழமை காலை பதினொன்று இருபது. நல்ல வெயில். பிலிப்பா லாரியில் இருந்தாள். நான் கீழேயே நின்றுகொண்டேன். முழங்கால் வலி என்று சொல்லிவைத்தேன். ஆவ்ரிலும் வந்திருந்தார், நெவில் போன பிறகு முதல் தடவையாகக் கொட்டகைக்குள். என் சட்டைக் கையை இறுக்கிப் பிடித்திருந்தார்.

எங்கே ஆரம்பிக்கலாம் என்று பிலிப்பா கேட்டாள். ஓர் அறையின் பக்கச் சுவரில் பெயிண்ட் உரிந்திருக்கிறது, அங்கேயே ஆரம்பிக்கிறேன் என்றாள் அவள். எந்த அறை என்று நான் கேட்கவில்லை.

பஞ்சை மருந்தில் நனைத்து நனைத்துத் துடைத்தாள். விவசாயி அடித்த நீலம் போனது. அதற்கு அடியில் பச்சை. அதற்கும் அடியில் போர்க்காலத்துப் பழுப்பு. அதில் சந்தேகமே இல்லை, அந்த வருஷங்களோடு நின்றுபோன பெயிண்ட் அது என்று சொல்லிக்கொண்டே துடைத்தாள். பழுப்பும் கரைந்தபோது அவள் கை நின்றது.

"மிஸ்டர் பார்ட்ரம், இங்க எழுத்து இருக்கு. பென்சில். பிளைவுட் மேலயே எழுதியிருக்காங்க. இதுக்கு மேலதான் பழுப்பு அடிச்சிருக்காங்க."

ஆவ்ரிலின் பிடி இன்னும் இறுகியது. பிலிப்பா டார்ச் அடித்து, நிறுத்தி நிறுத்தி வாசித்தாள்.

"ஏழு. பெயர்னு போட்டு வெறுமனே விட்டிருக்காங்க. கீழ பட்டியல். மூக்குக்கண்ணாடி ஒண்ணு, வலது கம்பியில நூல். கைக்கடிகாரம் ஒண்ணு. மோதிரம் ஒண்ணு. கத்தி ஒண்ணு, கைப்பிடி உடைஞ்சது. புகைப்படம் ஒண்ணு..." கொஞ்சம் குனிந்தாள். "பெண்ணும் ஆடும்."

ஆவ்ரில் அழத் தொடங்கினார். சந்தோஷ அழுகை. நெவில், நெவில் என்று இரண்டு தடவை சொன்னார்.

என் பர்ஸ் என் பையில் இருந்தது. கண்ணாடி என் மூக்கில் இருந்தது. பிலிப்பா திரும்பிப் பார்த்திருந்தால் அந்த நூலைப் பார்த்திருப்பாள். நான் மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டேன்.

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன ஆகும்? ஒன்று நான் பைத்தியம், இல்லையென்றால் நானே எழுதி ஏமாற்றுகிறேன். எப்படியானாலும் சான்று போச்சு, வண்டியும் போச்சு. பக்கத்தில் நெவிலின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

"இன்னும் ஒரு வரி இருக்கு" என்றாள் பிலிப்பா. "ஆறாவது. இது எனக்குப் புரியல. காதுக் கருவி ஒண்ணு, சிறியது, இடது."

அப்படி ஒன்று அந்தக் காலத்தில் ஒரு சிப்பாயிடம் எப்படி வந்திருக்கும் என்று யோசித்தாள். ஒருவேளை சிப்பாயாக இல்லாமல் வேறு யாராவது இருக்கலாம், அதனால்தான் பெயர் தெரியாமல் விட்டிருக்கிறார்கள் என்றாள். இது அபூர்வமான சான்று என்று அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எனக்கும் கொஞ்சம் தெம்பு வந்தது. என்னிடம் காதுக் கருவி எதுவும் கிடையாதே. அப்படியானால் அது நான் இல்லை. வேறு எவனோ. அவன் மனைவியும் ஒரு ஆட்டோடு நின்றிருப்பாள். இரண்டு வருஷம் அதைச் சொல்லிக்கொண்டேதான் தூங்கினேன்.

மற்ற பத்தொன்பது அறைகளையும் மியூசியத்தில் துடைத்துப் பார்த்தார்களாம். எதிலும் ஒரு எழுத்துகூட இல்லை. ஏழாம் அறையைக் கண்ணாடி போட்டு மூடி வைத்திருக்கிறார்கள். ஆவ்ரில் மாதம் ஒரு தடவை போய் வருகிறார். நான் இதுவரை போகவில்லை. ஒவ்வொரு தடவையும் ஒரு சாக்கு.

இந்த மார்ச் மாதம் நெஸ்டா என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். டிவியை அலற விடுகிறேன், கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று புகார். சோதித்துப் பார்த்த பெண் வலது காது பரவாயில்லை என்றாள். இடதுக்கு மட்டும் ஒன்று கொடுத்தாள். சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும்.

நான் அதை ஒரு தடவைகூட மாட்டவில்லை. பெட்டியோடு சமையலறை இழுப்பறையில் தள்ளிவிட்டேன். கிழவன் என்று தெரிந்துவிடும் என்ற வீம்பு என்று நெஸ்டா நினைக்கிறாள். நினைத்துக்கொள்ளட்டும். அவளிடம் நான் எதையுமே சொல்லவில்லை.

போன வாரம் ஆவ்ரில் போன் செய்தார். லாரிக்குப் பக்கத்தில் நெவில் பெயரைப் பொறித்த பலகை வைக்கிறார்கள், இந்த ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு. கண்டுபிடித்துக் கொடுத்தவன் இல்லாமல் எப்படி என்று கேட்டார். போனை எடுத்தது நெஸ்டா. இரண்டு பேரும் வருகிறோம் என்று சொல்லிவிட்டாள்.

நேற்று அவள் என் நல்ல கோட்டைத் தேய்த்து மாட்டி வைத்திருந்தாள். உள்பைக்குள் ஏதோ கடினமாகத் தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தேன். அந்தச் சின்னப் பெட்டி.

"நான்தான் வச்சேன்" என்றாள் நெஸ்டா. "அங்க ஆவ்ரில் பேசும்போதாவது காதுல விழணும்ல?"

ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. ஆவ்ரிலிடம் என்ன சாக்குச் சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.